பச்சை இலக்கங்கள்

பெரகலைச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வீதியில் ஓடுகிற காருக்கு வேகம் காட்டும் மீட்டர் எதற்கு என்று பெரியப்பா கேட்பார். வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர். எதிரே பஸ் வந்தால் மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பாதையில் ஹயர் ஓடிய அவருடைய காருக்குள்தான் நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சத்தில் 18, 21, 19 என்று இலக்கங்கள் துள்ளிக்கொண்டிருந்தன. முள் வைத்த மீட்டர் என்றால் லேசாக அசைந்துகொண்டு சும்மா கிடக்கும். இது ஒவ்வொரு குழிக்கும் ஒரு அபிப்பிராயம் சொன்னது.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானில் ஓடிய கார்கள் கப்பல் கப்பலாகக் கொழும்பில் இறங்கின. ஜப்பானியருக்கு அந்த நாட்களில் இலக்க மீட்டர் மீது பெரிய மோகம். 1981இல் வந்த டொயோட்டா சோரர் போன்ற ஆடம்பரக் கார்களில் காட்டிய வித்தையைச் சில வருடங்களுக்குள் சாதாரணக் குடும்பக் கார்களிலும் போட்டுவிட்டார்கள். அப்படியொரு கார் கொழும்பில் ஒருவர், கண்டியில் ஒருவர் என்று கைமாறி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலையேறி எங்களிடம் வந்தது. தோட்டத்துச் சனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘டீவி கார்’. தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாச்சிகூட வலியை மறந்து அந்த வெளிச்சத்தை எட்டிப் பார்த்ததாகப் பெரியப்பா சொல்வார். அதில் கொஞ்சம் கைச்சரக்கும் இருக்கலாம்.

பிறகு அது அணையத் தொடங்கியது. பனி இறங்கிய காலைகளில் சாவியைத் திருப்பினால் மீட்டர் முழுவதும் இருட்டு. இறக்கத்தில் கொஸ்லாந்தைப் பக்கம் போய் வெயில் பட்டதும் தானே உயிர் பெறும். வெல்லவாய வெக்கையில் பளிச்சென்று எரிந்துவிட்டுத் திரும்பி மலையேறும்போது மறுபடி மங்கும். டாஷ்போர்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் வரும். நாளடைவில் இரண்டு தட்டு கேட்டது. வேகம் தெரியாமல் ஓட்டலாம், எஞ்சின் சத்தமே போதும். பெட்ரோல் எவ்வளவு என்று தெரியாமல் ஹயர் ஓட முடியாது.

பண்டாரவளையில் காட்டிய கராஜில், மீட்டரை அப்படியே கழற்றி வேறு போடவேண்டும் என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் விசாரித்தபோது கேட்ட விலைக்கு, முள்ளு மீட்டர் வைத்த இன்னொரு பழைய காரையே பார்க்கலாம் போலிருந்தது. கடைசியில் யாரும் எதிர்பாராத இடத்துக்குப் போனோம். எங்கள் ஊரிலேயே ரயில் பாதைக்குப் பக்கத்தில், கடைவீதியில், ஒடுங்கிய பலகைக் கதவுகளோடு ஒரு ரேடியோக் கடை இருந்தது. அதன் சொந்தக்காரரை ஊரே ரேடியோ மாமா என்றுதான் கூப்பிடும்.

“மாமா, இது டிஜிட்டல் சாமான். உங்களுக்குச் சரிப்பட்டு வருமா தெரியல்ல” என்றார் பெரியப்பா.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டிஜிட்டலா? தம்பி, இது வால்வு.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. ஜப்பானில் அறுபதுகளின் பின்பாதியில் உருவான அந்த இலக்கப் பலகை, காற்றை உறிஞ்சியெடுத்து மூடிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே தலைமயிரைவிட மெல்லிய இழைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு வலை, அதற்கும் பின்னால் துத்தநாக ஒட்சைட்டுப் பூசிய இலக்கத் துண்டுகள். இழை சூடாகி எலெக்ட்ரான்களை விடும். வலை அவற்றுக்கு வழிவிடும் அல்லது அவற்றை மறிக்கும். போய் மோதிய இடம் நீலப்பச்சையாக ஒளிரும். பழைய வால்வு ரேடியோவுக்குள் நடப்பதும் இதே கூத்துத்தான். டிரான்சிஸ்டர் வந்து வால்வை வீட்டைவிட்டுத் துரத்தியபின், அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை காருக்குள் வந்து ஒளிந்திருக்கிறது. எங்கள் ஊரில் அதை அடையாளம் கண்டவர் அவர் ஒருவர்தான்.

முதலில் கண்ணாடியின் மூலையைப் பார்த்தார். அங்கே வெள்ளிப் பொட்டு ஒன்று மினுங்கியது. காற்றுப் புகுந்திருந்தால் அது பால்போல வெளுத்திருக்குமாம், பிறகு வீசவேண்டியதுதான். பொட்டு வெளுக்கவில்லை. கதவுப் பலகைகளைச் சாத்தச் சொன்னார். இருட்டில் பாட்டரி வயரைத் தொடுத்தார். இலக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் குனிந்து பார்த்தபோது கண்ணாடிக்குள் குறுக்காகச் சிவப்பு நூல்கள் மங்கலாகத் தெரிந்தன. “இழை இருக்கு. ஆள் சாகல்ல. பின்னால சாப்பாடு போகல்ல” என்றார். காரின் 12 வோல்ட் அந்த இலக்கங்களுக்குப் போதாது. அதைக் கூட்டிக் கொடுக்க உள்ளே ஒரு சின்னச் சுற்று உண்டு. கோளாறு அங்கே.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க எனக்கும் இடம் கொடுத்தார். கம்பிச் சுருளின் கால்களைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக மெல்லிய வெடிப்புகள். வெல்லவாய வெக்கையிலும் 1,400 மீட்டருக்கு மேலே அப்புத்தளைக் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கினால் ஈயம் எத்தனை வருடம் தாங்கும்? பக்கத்திலே ஒரு கண்டென்சர் அடிப்பக்கம் கசிந்திருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்துப் புதிதாக வைத்தார். ரொசின் புகை கடை முழுவதும் நிறைந்தது. கண்டென்சருக்கு, மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போய் வந்த யாரோ கொண்டுவந்து, பழுதாகி அவர் கையில் சேர்ந்த கெசட் ரேடியோ ஒன்றைப் பிரித்தார்.

மேலே பரணில் ரேடியோக்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அதில் ஒன்றைக் கழற்றலாமே என்றேன். “அதுக கண்டென்சர் எல்லாம் காஞ்சு போயிருக்கும்” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “அது வேற ஆளுக சாமான்” என்றார்.

அவை இந்தியா போனவர்களின் ரேடியோக்கள். 1964இல் கொழும்பையும் புதுடில்லியையும் சேர்ந்த இரண்டு பிரதமர்கள் ஒப்பமிட்ட தாளில் இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனங்களில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று எழுதப்பட்டது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஆட்களை இப்படித் தராசில் நிறுத்த ஒப்பந்தங்களை வேறெங்கும் நான் படித்ததில்லை. பாஸ்போட் கையில் வந்ததும் சனங்கள் லயத்தில் இருந்ததை விற்றார்கள்: ஆடு, அண்டா, ரேடியோ. சிலர் விற்க மனமில்லாமல், ரிப்பேருக்குக் கொடுப்பதுபோல மாமாவிடம் கொடுத்துவிட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். ரேடியோவைக் கையோடு கொண்டுபோனவர்களும் உண்டு; இலங்கை வானொலி அந்த நாட்களில் தமிழ்நாட்டிலும் நன்றாகக் கேட்டதல்லவா? கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி கொழுந்து பறிக்கப் போனவர்கள் வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலை அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். மாமாவின் தம்பியும் அப்படிப் போனவர்தான். வால்வு வேலையை இருவருமாகத்தான் கற்றார்களாம். 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியா போன கப்பலும் நின்றது.

மாமா வேலையை முடித்ததும் மீட்டர் எரிந்தது. அன்று அவர் வாங்கிய கூலி, பஞ்சிகாவத்தைக்குப் போய்வரும் பஸ் காசுக்கும் காணாது.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் ஃபோன் ரீலோட் போடுகிறார்கள். பரணிலிருந்தவற்றைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போனதாகக் கேள்வி. செப்புக் கம்பிக்காக மட்டும் பிரித்திருப்பார். நீலகிரியிலிருந்து யாராவது ஒருநாள் வந்து ‘எங்க அப்பா குடுத்த ரேடியோ’ என்று கேட்டிருந்தால் மாமா எடுத்துக் கொடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் காலம்வரை யாரும் வரவில்லை.

காரைப் பெரியப்பா மொனராகலைப் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் கொஞ்ச நாளில் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்: தணமல்வில நேர்ரோட்டில் அழுத்திப் போனால் மீட்டருக்குள்ளிருந்து கோயில் மணிபோல ‘கிண் கிண்’ என்று சத்தம் வருகிறதாம், என்ன உடைந்தது என்று கேட்டிருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதிவரை ஜப்பான் கார்களில், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிச் சற்று மேலே போனால் எச்சரிக்க ஒரு மணி வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அத்தனை வருடத்தில் அதை அடிக்கவைக்கிற அளவுக்கு நீளமான நேர்ரோடு எங்கள் பக்கத்தில் அந்தக் காருக்குக் கிடைக்கவில்லை.