அன்னபூரணி, ஃபுளோரன்ஸ் ஆன கதை!

1938 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் குளோஸ்டர் துறைமுகத்துக்குள் ஒரு பாய்மரக் கப்பல் நுழைகிறது. நீளம் 89 அடி, இரண்டு பாய்மரங்கள். பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்'. மேல்தளத்தில் நின்றவர்களில் ஐந்து பேர் பேசியது தமிழ்!

ஃபுளோரன்ஸ் என்பது அந்தக் கப்பலுக்குப் பிறகு வைத்த பெயர். பிறந்தபோது வைத்த பெயர் 'அன்னபூரணி அம்மாள்'. பிறந்த ஊர், யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் இருக்கும் வல்வெட்டித்துறை.

எங்கள் திருத்தங்கலில் இருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் தூத்துக்குடியில் இறங்க வேண்டும். இந்த ஊரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுகிறாயே என்று கேட்கலாம். ஊர்ப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். திருமகள் வந்து தங்கி தவம் செய்ததால் 'திருத்தங்கல்' என்கிறது தலபுராணம். ஆழ்வார் பாசுரங்களில் இது 'தண்கால்', அதாவது குளிர்ந்த காற்று. பாய்மரக் கப்பலில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் இந்த இரண்டும்தானே வேண்டும்? நல்ல காற்று, நடுவில் தங்க ஓர் இடம்.

சரி, ஃபுளோரன்ஸ் யார்?

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க இளைஞர் 1928-ல் 32 அடிப் படகு ஒன்றில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். மூன்றரை வருடம் கழித்து, 1931 நவம்பரில், உலகத்தைச் சுற்றி முடித்து அதே நியூயார்க்குக்குத் திரும்பினார். அவ்வளவு சின்னப் படகில் அதுவரை யாரும் உலகம் சுற்றியதில்லை என்று பேசப்பட்டார். அந்தப் படகின் பெயர் 'ஸ்வாப்'. சமஸ்கிருதத்தில் கனவு என்று அர்த்தம். நாம் சொல்லும் சொப்பனத்துக்குச் சொந்தக்கார வார்த்தைதான். அமெரிக்கர் தன் படகுக்கு இந்தியப் பெயர் வைத்தார். பிறகு தமிழர்கள் கட்டிய கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். சிரிப்பதா, யோசிப்பதா?

அந்த மனைவிதான் ஃபுளோரன்ஸ் கிரேன். சிகாகோவின் பெரிய குழாய், வால்வு கம்பெனிக் குடும்பத்துப் பெண். கல்யாணம் முடிந்ததும் இருவரும், உறவுக்காரப் பையன் ஒருவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஸ்வாப்பிலேயே கடலுக்குப் போனார்கள். 1934 தொடக்கத்தில் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில், எரிமலைச் சரிவுக்கு நடுவே இருக்கும் டேகஸ் கோவ் என்ற குடாவில் படகை நிறுத்தினார்கள். கடை இல்லை, டாக்டர் இல்லை, ஆள் நடமாட்டமே இல்லை. அங்கே வைத்துதான் ராபின்சனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது.

கணவர் வலியில் துடிக்கிறார். பக்கத்தில் இருப்பது ஒரு பெண்ணும் ஒரு பையனும். பனாமா ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கிறது. தற்செயலாக வந்து சேர்ந்த சூரை மீன்பிடிப் படகு ஒன்றில் ரேடியோ இருந்ததால் செய்தி போனது. அமெரிக்கக் கடற்படை விமானத்தில் டாக்டரை அனுப்பியது, போர்க்கப்பலும் வந்தது. ராபின்சன் பிழைத்தார். இதைப் படித்த பிறகு, கப்பலில் மனைவி பெயரை எழுதியதற்காக அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை.

ஆனால், அன்னபூரணியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

வல்வெட்டித்துறை அப்போது சின்ன ஊர்தான். ஆனால், அங்கே கடற்கரை மணலில் வைத்தே கப்பல் கட்டினார்கள். வேம்பும் இலுப்பையும் முக்கிய மரங்கள். பரம்பரையாக மேஸ்திரிகளின் கைக்கணக்கில் கட்டிய கப்பல்கள் பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வந்தன. தமிழ்நாட்டுக் கரைக்கும் மலையாளக் கரைக்கும் போய் வந்தன. கப்பலை நடத்துபவருக்கு அங்கே 'தண்டையல்' என்று பெயர். நீராவிக் கப்பல்கள் வந்து சரக்கை எல்லாம் அள்ளிக்கொண்ட காலத்தில்தான், 1930-களின் பின்பாதியில், அன்னபூரணி ராபின்சன் கைக்குப் போனது.

அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அதே ஊரைச் சேர்ந்த நான்கு மாலுமிகளும். வழியில் ஓர் அமெரிக்க கேப்டனும் சேர்ந்துகொண்டார். அரபிக்கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அப்புறம் அட்லாண்டிக். பத்து டிகிரி அட்சரேகையில் பிறந்து வளர்ந்தவர்கள் 42 டிகிரியைத் தாண்டி வடக்கே போனார்கள். வங்கக் கடலின் புயல் அவர்களுக்குத் தெரியும். அட்லாண்டிக் வேறு சுபாவம். அவர்கள் வந்திறங்கிய அதே வருடம் செப்டம்பர் 21-ம் தேதி, நியூ இங்கிலாந்து கரையைப் பெரும் சூறாவளி ஒன்று புரட்டிப்போட்டது. இரண்டு மாதம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

எங்கள் பகுதியில் அச்சுத் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் சரக்கு ஒன்றுதான், லேபிள் மட்டும் மாறும் என்பார்கள். குளோஸ்டர் பத்திரிகைகளில் வந்தது புது லேபிள். உள்ளே இருந்தது வல்வெட்டித்துறை வேம்பு.

குளோஸ்டரும் சும்மா ஊர் இல்லை. 1623-லிருந்து மீன்பிடிப்புதான் அதன் பிழைப்பு. கடற்கரைச் சாலையில், சுக்கானை இறுகப் பிடித்தபடி நிற்கும் மீனவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1925-ல் வைத்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள். 'தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' படம் பார்த்திருப்பீர்களே? 1991-ல் காணாமல்போன அந்தப் படகும் இந்த ஊருடையதுதான். கரையில் காத்திருந்த மனைவிகளுக்கும் ஒரு சிலை வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் விடாமல் நின்று, 2001-ல் வைத்தார்கள். அதில் ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகளுடன் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் பிடித்தது அங்கே இருக்கும் நல்ல பயண மாதா கோயில். போர்ச்சுகீசிய மீனவர்கள் எழுப்பியது. மேலே நிற்கும் மாதா ஒரு கையில் குட்டிக் கப்பலை ஏந்தியிருக்கிறார், குழந்தையை ஏந்துவதுபோல. வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் கடலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகளின் கதை உண்டு.

வல்வெட்டித்துறைக்காரர்களுக்கு வடக்குக் கடல் எப்போதும் இரக்கம் காட்டிவிடவில்லை. 1971-ல் பாக் நீரிணையை நீந்தியே கடந்து, கோடியக்கரையைத் தொட்டுத் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் அந்த ஊர்க்காரர். 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போனவர், அந்தக் குளிர்ந்த நீரிலேயே உயிரை விட்டார்.

ராபின்சன் - ஃபுளோரன்ஸ் கல்யாணமும் நீடிக்கவில்லை. ஃபுளோரன்ஸ் பிறகு ரஷ்ய இளவரசர் ஒருவரை மணந்தார். ராபின்சன் தஹிதித் தீவில் போய்க் குடியேறினார். குளோஸ்டருக்குப் பக்கத்து ஊரான இப்ஸ்விச்சில் கிரேன் குடும்பம் கட்டிய 59 அறை மாளிகை மட்டும் அப்படியே இருக்கிறது. சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். பாஸ்டன் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் குளோஸ்டர் போய்விடலாம்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு, அன்னபூரணி பிறந்த கரை பக்கத்தில்தான். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023-ல் தொடங்கியது. கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கட்டாயம். காங்கேசன்துறையில் இறங்கினால் கிழக்கே போய் வல்வெட்டித்துறையை அடையலாம்.

பொங்கல் சமயத்தில் போனால் பட்டத் திருவிழா நடக்கும். வாடைக்காற்றில் ஆள் உயரத்தைவிடப் பெரிய பட்டங்கள் கடற்கரையில் ஏறும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதியமே போய் இடம் பிடித்துவிடுங்கள், மாலையில் நிற்க இடம் கிடைக்காது.