அலைகள் ஓய்வதில்லை... அரியரும்தான்!

எம்-3 பேப்பர்ல ரெண்டு தடவை கவிழ்ந்தவன் நான். ஃபூரியர்னு பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். அதனாலதான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு, கணக்கே இருக்காதுன்னு நம்பி, கிராஃபிக்ஸ்ல கடல் அலை பண்றேன்னு பேர் கொடுத்தேன். (சிரிக்காதீங்க!)

நாலு சைன் அலையைக் கூட்டி, நீலக் கலர் அடிச்சு ஹாஸ்டல்ல பந்தாவா ஓடவிட்டேன். ரூம்மேட் குளச்சல்காரன். அப்பா கடலுக்குப் போறவர். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "மக்கா, இது கடல் இல்ல. காத்துல ஆடுற தகரக் கூரை"ன்னுட்டான். ரிவ்யூவுக்கு மூணே வாரம். செம கடுப்பு.

"எல்லா அலையும் ஒரே வேகத்துல போகுது பாரு. நீளமான அலை சின்னதைத் தாண்டிப் போகும்லே. உச்சி வேற மொழுக்குன்னு இருக்கு..."

புத்தகத்தைப் புரட்டினா, பயபுள்ள சொன்னது அச்சு அசல் பிசிக்ஸ்! ஆழ்கடல்ல, முகட்டுக்கு முகடு 1 மீட்டர் இருக்கிற அலை மணிக்கு நாலரை கிலோமீட்டர்தான் போகும். நாம நடக்கிற வேகம். அதுவே 100 மீட்டர் அலைன்னா 45 கிலோமீட்டர், டவுன் பஸ் வேகம். தண்ணி முன்னாடி ஓடுறதில்லை, கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே வட்டமடிக்குது. அதனாலதான் உச்சி கூராவும் பள்ளம் அகலமாவும் இருக்கு. கெர்ஸ்ட்னர்ங்கிறவர் இதை 1802-லயே கணக்காப் போட்டு வெச்சிருக்கார்.

சரி, நாலு அலை பத்தாது, எத்தனை வேணும்? ஜெர்ரி டெஸண்டார்ஃப் 2001-ல எழுதின குறிப்புகள் கிடைச்சது. 'டைட்டானிக்' (1997) கடலுக்குப் பின்னாடி இருக்கிற அதே வித்தை. காத்தோட வேகத்தை வெச்சு எந்த அலைக்கு எவ்வளவு உயரம்னு முடிவு பண்ணி, லட்சக்கணக்குல கூட்டணும். 512-க்கு 512 கட்டம்னா 2,62,144 புள்ளி, அத்தனை அலை. ஒண்ணொண்ணாக் கூட்டினா ஒரே ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 6,900 கோடி தடவை! என் ஓட்டை லேப்டாப் தாங்குமா? குறுக்கு வழியில போனா அரை கோடிக்குள்ள முடிஞ்சிடும். அந்தக் குறுக்கு வழி பேரு... ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம். அடப்பாவிகளா!

வேற வழியில்லாம, மூணாவது செமஸ்டர் நோட்டைத் தூசி தட்டி, மார்க்குக்காக இல்லாம முதல் தடவையா படிச்சேன். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு அலை அசைஞ்சது. குளச்சல்காரனை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"கடல்தான். ஆனா, நுரை எங்கலே?"

மறுநாள் எக்ஸ்டர்னல் கேட்டார்: "ஃபூரியர் எப்பப்பா படிச்சே?"

"மூணு தடவை படிச்சிருக்கேன் சார்!"