திருத்தணிப் படியில் ஒரு கோடி!

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. பிப்ரவரி 29-க்கு என்ன செய்வார்கள் என்று கேட்கக் கூடாது, சாமி குத்தம். டிசம்பர் 31-ல் படித் திருவிழா. படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். நாங்கள் போனது ஒரு சாதாரண சனிக்கிழமை. பாட்டும் வராது. எனவே விளையாடிக்கொண்டே ஏறுவது என்று முடிவானது. (மேலே வரை பஸ், கார் எல்லாம் போகிறது. அதில் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை!)

நான், கேஷியர் வேலையில் இருக்கும் நண்பன், திருத்தணிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த இன்னொருவன். ஆக மூன்றே பேர். அதுதான் சிக்கல்.

சின்ன வயசில் ஆடிய 'ராஜா ராணி போலீஸ் திருடன்' ஞாபகம் இருக்கிறதா? நோட்டில் கிழித்த நாலு சீட்டு. ராஜா தன்னைக் காட்டிக்கொள்வார். போலீஸ் சீட்டு வந்தவன் மிச்சமிருக்கும் ரெண்டு முகத்தையும் முறைத்துப் பார்த்துத் திருடனைப் பிடிக்க வேண்டும். இதையே மூன்று பேர் ஆடினால்? மிச்சம் ஒரே முகம். அதைப் பிடிக்க போலீஸ் எதற்கு?

1986-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டிமிட்ரி டேவிடாஃப் என்ற மாணவர் 'மாஃபியா' என்று ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். ஊருக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரர்களைப் பேசிப் பேசியே பிடிக்க வேண்டும். உலகம் பூரா பரவிய ஆட்டம். ஆனால் அதற்கும் கும்பல் வேண்டும். மூன்று பேரில் ராத்திரி ஒருவன் செத்தால், காலையில் பிணம் உட்பட எல்லோருக்கும் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும்.

சின்னக் கூட்டத்துக்குத் தோதானது வார்த்தை ஆட்டம். ரெண்டு பேர் காதில் ஒரு வார்த்தை. மூன்றாமவன் காதில் அதற்குப் பக்கத்து வார்த்தை. இட்லி, தோசை மாதிரி. ஆளுக்கு ஒரு குறிப்பு கொடுத்து, வேற்றாள் யார் என்று பிடிக்க வேண்டும். இதில் விசேஷம், தான்தான் வேற்றாள் என்பது அவனுக்கே தெரியாது! குறிப்பைப் பட்டென்று சொன்னாலும் மாட்டுவான், மழுப்பினாலும் மாட்டுவான்.

வார்த்தை சொல்ல செல்போனில் ஆப் இருக்கிறது. என் போன் அரக்கோணத்திலேயே உயிரை விட்டிருந்தது. எனவே அடிவாரத்தில் பூக்கடை அக்காவிடம் செருப்பை ஒப்படைத்துவிட்டு, விதியையும் விளக்கினோம். "இதென்ன கூத்து?" என்று சிரித்தவர், எங்கள் காதில் ஒவ்வொருவராகக் கிசுகிசுத்தார். திருத்தணிக்காரன் அவரிடம் தெலுங்கில் பேரம் பேசியிருந்ததால் அவனை மட்டும் "ரா பாபு" என்று கூப்பிட்டார்.

எனக்கு வந்த வார்த்தை: கோடி.

ஐம்பது படி தாண்டி முதல் சுற்று. நான்: "ஆசை." கேஷியர்: "பூஜ்யம்." சபாஷ், இவன் நம்ம ஆள்! திருத்தணிக்காரன் சொன்னது: "விடியல்."

விடியலா? பணம் வந்தால் வாழ்க்கை விடியும் என்கிறானோ?

மூச்சு வாங்க நூறு படி ஏறி ரெண்டாவது சுற்று. நான்: "லாட்டரி." (தமிழ்நாட்டில் 2003-லேயே தடை. ஆசைக்குத் தடை இல்லை.) கேஷியர்: "சினிமா." திருத்தணிக்காரன்: "முட்டை."

கேஷியர் யோசித்தான். "கோடிக்கு ஏழு முட்டை போடணுமே, அதைச் சொல்றானோ?" என்று என் காதைக் கடித்தான். நான் விடவில்லை. "மாட்டினடா திருடா! பொய் சொல்றப்ப உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏற்காடு டூர்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும் என்னை அப்படித்தானே பார்க்கறீங்க?"

கேஷியர் வானத்தைப் பார்த்தான். நான் படிகளை எண்ணினேன்.

விஷயம் இதுதான். ரெண்டு வருஷம் முன்னால் ஏற்காடு போனபோது பொதுப் பணம் இவனிடம் இருந்தது. கடைசியில் 1,500 ரூபாய் உதைத்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் பணத்தை இவனிடம் கொடுக்கவும் இல்லை. பத்துப் பேர் இருந்தால் சந்தேகம் பத்தாகப் பிரியும். மூன்று பேரில் ஓட்டுப் போட்டால் எப்போதும் ரெண்டுக்கு ஒன்றுதான்.

அதற்கப்புறம் மௌனமாகவே ஏறினோம். தரிசனம் ஆயிற்று. சூரனை வதைத்த பிறகு முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பேர். எங்களிடம் தணிகிற வழியாகக் காணோம். தனித்தனியாக நின்று ஊரைப் பார்த்தோம்.

இந்த ஊரையே ஒரு காலத்தில் 'நீ யார் பக்கம்?' என்று கேட்டிருக்கிறார்கள். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கு எல்லைக்காகப் போராடினார்கள். அப்புறம் படாஸ்கர் வந்து, கிராமத்தை அலகாக வைத்து, எங்கே எந்த மொழி அதிகம் என்று பார்த்துப் பிரித்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தில் சேர்ந்தது. (புது நிதியாண்டின் முதல் நாள். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம்தான் கண்ணில் படும்.) கிராமம் கிராமமாகப் பார்த்ததால் பிழைத்தார்கள். வீடு வீடாகப் பார்த்திருந்தால் இன்னும் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். 1888-ல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் வீட்டில் தெலுங்கு. நம்ம நண்பன் வீட்டிலும் அம்மாவோடு தெலுங்கு, தெருவில் தமிழ். சண்டை வந்தால் ரெண்டும்.

கீழே வந்து செருப்பை வாங்கும்போது கேஷியர்தான் கேட்டான்: "அக்கா, இவனுக்கு என்ன வார்த்தை சொன்னீங்க?"

"மூணு பேருக்கும் கோடிதான் சொன்னேன். வேற வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? வியாபாரத்தைப் பார்க்க வேணாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்தணிக்காரன் மெல்ல வாயைத் திறந்தான். "எனக்கும் கோடிதான். கோழி!"

தெலுங்கில் கோடி என்றால் கோழியாம். நம்ம கோடியை அவர்கள் 'கோட்டி' மாதிரி அழுத்திச் சொல்வார்களாம். விடியல், முட்டை... பாவி, ரெண்டுமே பிரமாதமான குறிப்பு!

"நீங்க எதைக்கா நினைச்சீங்க?" என்றேன்.

"ரோட்டுல கோழி போச்சு. உங்களுக்குப் பணம் ஞாபகம் வந்தா நான் என்ன செய்ய?"

கேஷியர் விழுந்து விழுந்து சிரித்தான். திருத்தணிக்காரனும் சிரித்தான், கொஞ்சமாக.

அன்று ராத்திரி வீட்டில் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். ஏற்காடு, ரெண்டாம் நாள். என் கையெழுத்தேதான்: 'ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. பொதுப் பணத்திலிருந்து கைமாற்று 1,500.' திருப்பிக் கொடுத்ததாக எங்கேயும் எழுதவில்லை. கொடுத்திருந்தால் அல்லவா எழுதுவதற்கு?

அப்போதே போனில் 1,500-ஐ அவனுக்கு அனுப்பினேன். டைரிப் பக்கத்தையும் படம் எடுத்து மூன்று பேருக்கும் பொதுவான குரூப்பில் போட்டேன். மன்னிப்பு என்று டைப் அடித்து, அழித்து, மறுபடி அடித்து அனுப்பினேன்.

ரொம்ப நேரம் பதில் இல்லை. பதினோரு மணிக்கு வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. ஒரு கோழிப் படம் மட்டும்.