சிட்னி முதல் மெல்போர்ன் வரை

ஆஸ்திரேலியா செல்லும் நம்மவர் பெரும்பாலும் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு விமானத்திலேயே போகின்றனர். ஒன்றரை மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடும். உலகில் விமானங்கள் மிகுதியாகப் பறக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று. நாங்கள் இருவரும் ரயிலில் சென்றோம். ஏறக்குறைய 960 கிலோமீட்டர். பதினொரு மணி நேரம். "ஒரு பகலை வீணாக்குவானேன்?" என்று நண்பர்கள் கேட்டனர். அப்பகல் வீணாகவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நாங்கள் மேற்கொண்ட முதல் நெடும்பயணம் இது. ஆளுக்கொரு முதுகுப்பை, அதற்குமேல் மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லை. இளைஞர்கள் தங்கும் மலிவான விடுதிகளிலேயே தங்கினோம். அங்குள்ள பொது அடுக்களையில் நாமே சமைத்துக்கொள்ளலாம். புறப்படும் நாள் விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறிக் கட்டிக்கொண்டோம். பல் துலக்க வந்த ஐரோப்பிய இளைஞர் இருவர், பெருங்காய மணம் எங்கிருந்து வருகிறது என்று வியப்புடன் எட்டிப் பார்த்தனர். ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தோம். உண்டனர், நிறையத் தண்ணீர் குடித்தனர், நன்றி கூறினர்.

முதுகுப்பையின் கனம் போதாதென்று வேறொரு கனமும் எங்களுடன் வந்தது. முந்திய இரவு, திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் பேசினார். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை வாங்க அதே தெருக் குடும்பம் ஒன்று முன்வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றார். எங்களுள் ஒருவர் விற்றுவிடலாம் என்றார். மற்றவர் கூடவே கூடாது என்றார். யார் எதைச் சொன்னோம் என்பது இங்கு வேண்டாம். மும்பையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குடியிருக்கிறோம். ஆண்டுதோறும் "ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது ஓய்வும் வந்துவிட்டது. விடுதியிலிருந்து நிலையம் வரை ஒருவரோடொருவர் பேசவில்லை.

சிட்னி மத்திய நிலையம் 1906-இல் திறக்கப்பட்டது. அதன் மணிக்கூண்டு 1921-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நிழலிலிருந்து, காலை ஏழரை மணிக்குமேல் எங்கள் வண்டி புறப்பட்டது. நகரத்தின் புறப்பகுதிகள் நெடுநேரம் தொடர்ந்து வந்தன. பிறகு மேட்டு நிலம், யூகலிப்டஸ் மரங்கள், கம்பளிக்குப் பேர்போன கோல்பர்ன் நகரம். செப்டம்பர் மாதம் அங்கே இளவேனிற் பருவம். புல்வெளிகளில் தாய் ஆடுகளின் பின்னே குட்டிகள் தள்ளாடி ஓடின.

கோல்பர்னில் ஒரு மூதாட்டி ஏறி எங்கள் எதிரில் அமர்ந்தார். வயது எண்பதிருக்கும். ஆல்பரிக்குப் போவதாகச் சொன்னார். புளியோதரையை அவருக்கும் கொடுத்தோம். அவர் தண்ணீர் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நண்பகல் கடந்து கூட்டமுண்ட்ரா என்னும் சிற்றூர் வந்தது. கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் 1908-இல் பிறந்த ஊர் இதுதான். அதற்கப்பால் இருபுறமும் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல மஞ்சள் வயல்கள். கனோலா என்னும் எண்ணெய் வித்து. நம் கடுகின் இனத்தைச் சேர்ந்தது. வட இந்தியாவில் குளிர்காலத்துக் கடுகு வயல்களைப் பார்த்தவர்களுக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

ஜூனி நிலையத்தைக் கடந்து, மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் உள்ள வாகா வாகாவை அடைந்தோம். விராஜுரி என்னும் பழங்குடி மக்களின் மொழியில் அமைந்த பெயர் அது. நம் மொழியில் அடுக்கிச் சொல்வதுபோல, அவர்கள் மொழியிலும் பன்மையைக் காட்டச் சொல்லை இரட்டித்துச் சொல்வர். "காகங்கள் நிறைந்த இடம்" என்று நெடுங்காலம் பொருள் கூறிவந்தனர். ஆடலும் கொண்டாட்டமும் மிகுந்த இடம் என்பதே பொருள் என்று நகர மன்றம் 2019-இல் ஏற்றுக்கொண்டது. ஊரின் பெயருக்குப் பொருள் சொல்ல, அம்மொழி பேசுவோரைக் கேட்பதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஆல்பரி வந்தது. ஆஸ்திரேலியாவின் மிக நீண்ட நடைமேடைகளுள் ஒன்று இங்கே இருக்கிறது. இவ்வளவு நீளம் ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஆல்பரி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் எல்லை. மர்ரே ஆற்றைத் தாண்டினால் விக்டோரியா. 1850-களில் இவ்விரண்டும் தனித்தனிக் குடியேற்ற நாடுகளாக இருந்தபோது, இருப்புப்பாதையின் அகலத்தை முடிவு செய்தனர். சிட்னியில் இருந்த ஐரிஷ் பொறியாளர் 1600 மில்லிமீட்டர் என்றார். விக்டோரியாவும் ஒப்புக்கொண்டு வண்டிகளுக்கு ஆணை கொடுத்துவிட்டது. அவருக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துப் பொறியாளரோ 1435 மில்லிமீட்டரே வேண்டுமென்றார். சிட்னி மாறியது, விக்டோரியா மாறவில்லை. 1883-இல் இரு பாதைகளும் எல்லையில் சந்தித்தன. ஆனால் ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓட இயலாது. 1962-இல் மெல்போர்ன் வரை ஒரே அகலத்தில் பாதை அமையும் வரை, பயணிகள் அனைவரும் ஆல்பரியில் இறங்கி மூட்டையுடன் எதிர்வண்டிக்கு மாறினர். 1895-இல் இவ்வழியே வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இத்தொல்லையைத் தம் பயண நூலில் எள்ளி எழுதினார்.

எங்களுக்கு நகைக்கத் தோன்றவில்லை. பம்பாயிலிருந்து அகலப்பாதை வண்டியில் சென்னை சென்ட்ரல் வந்து, குழந்தையும் கூஜாவுமாக எழும்பூர் சென்று, தெற்கே போகும் மீட்டர் பாதை வண்டியைப் பிடித்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! நாங்களும் அவர்களுள் இருவர்.

வண்டி ஆல்பரியை நெருங்குகையில் இதனை மூதாட்டியிடம் சொன்னோம். அவர் தம் கதையைச் சொன்னார். அவருடைய பெற்றோர் லாட்வியா நாட்டினர், போரில் வீடிழந்தவர்கள். 1950-இல் ஐந்து வயதுச் சிறுமியாக அவர் பெற்றோருடன் கப்பலில் மெல்போர்ன் வந்தார். துறைமுகத்திலிருந்து ரயிலில் ஏற்றி, ஆல்பரிக்கு அண்மையிலுள்ள போனகில்லா முகாமிற்கு அனுப்பினர். 1947 முதல் 1971 வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட குடியேறிகள் தங்கிச் சென்ற முகாம் அது. இரண்டாண்டு அரசு சொல்லும் வேலையைச் செய்ய வேண்டுமென்பது ஒப்பந்தம். தந்தையைத் தொலைவில் இருப்புப்பாதை வேலைக்கு அனுப்பினர். தாயும் மகளும் தகரக் கொட்டகையில் காத்திருந்தனர்.

தாய் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்திருந்தார். ஊர் திரும்பும்போது பிரிக்கலாம் என்று கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. கோல்பர்னில் வீடு அமைந்த பிறகும் பெட்டி கட்டிலடியில் கட்டியபடியே இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், மகளின் திருமணத்தன்று திறந்தனர். உள்ளே பாட்டி கையால் நெய்த மேசைவிரிப்பு. பூச்சி அரிக்கவில்லை, ஆனால் மடித்த மடிப்புகளிலெல்லாம் நூல் இற்றுப்போயிருந்தது. விரித்ததும் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. "நாள்தோறும் விரித்திருந்தால் கறை படிந்திருக்கும், ஆனால் இன்றும் இருந்திருக்கும்" என்றார் அம்மூதாட்டி. முகாமின் ஒரு பகுதியை நினைவிடமாகக் காத்துவருகின்றனர். அதனைப் பார்க்கத்தான் அவர் ஆல்பரியில் இறங்கினார். நெடிய நடைமேடையில் அவர் மெல்ல நடந்து போவதை வண்டி நகரும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்காலத்தில் அம்முகாமின் கதவு ஐரோப்பியருக்கே திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1901-ஆம் ஆண்டுச் சட்டம், வேண்டாதவரை ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதச் சொல்லித் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்ப இடமளித்தது. அத்தேர்வு 1958-இல் ஒழிந்தது. வெள்ளையர்க்கே இந்நாடு என்ற கொள்கை 1973-இல் முற்றும் கைவிடப்பட்டது. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தம் வீட்டில் தமிழ் பேசுகின்றனர்.

ஆற்றைக் கடந்தோம். யாரும் இறங்கச் சொல்லவில்லை. வாங்கரட்டாவுக்கு அப்பால், வண்டி நில்லாமல் கிளென்ரோவனைக் கடந்தது. 1880 ஜூன் மாதம் நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன், போலீசார் வரும் வண்டியைக் கவிழ்ப்பதற்காக இங்கே தண்டவாளத்தைப் பெயர்க்கச் செய்தான். தாமஸ் கர்னோ என்ற பள்ளி ஆசிரியர் சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்து வண்டியை நிறுத்தினார். கெல்லி பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் மெல்போர்னில் தூக்கிலிடப்பட்டான். இன்று கெல்லியின் பெயரை அந்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆசிரியரின் பெயரை அறிந்தவர் சிலரே.

பொழுது சாயும் நேரத்தில் எங்களுள் ஒருவர் வாய் திறந்தார். வீட்டை விற்கக் கூடாதென்று சொன்னவரே அவர். "பதினோரு ஆண்டாய்ப் பூட்டிக் கிடக்கிறது. உத்திரத்தில் கரையான் ஏறிவிட்டதாம். வாங்க வருகிறவர் வீட்டில் மூன்று குழந்தைகள். விளக்கெரியட்டும்" என்றார். மற்றவர் உடனே ஆம் என்று சொல்லவில்லை. விற்கலாம் என்று எளிதாய்ச் சொல்லிவிட்டவருக்கு அப்போதுதான் தொண்டை அடைத்தது.

ஆறரை மணியளவில் மெல்போர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்தில் இறங்கினோம். கடலலைபோல் வளைந்து வளைந்து செல்லும் கூரை அதற்கு. நகர நடுவில் டிராம் வண்டிக்குக் கட்டணம் இல்லை. முதுகுப்பையினருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! விடுதிக்குப் போய், எஞ்சிய புளியோதரையை உண்டு, தம்பிக்குச் செய்தி சொன்னோம்.

மும்பை திரும்பியதும், பரணில் கிடந்த பெட்டியை இறக்கினோம். ஊருக்குப் போய்ப் புழங்கலாம் என்று எடுத்துவைத்த வெண்கலப் பானை அதில் இருந்தது. வெண்கலத்துக்கு மடிப்பு இல்லை. புளி போட்டுத் துலக்கியதும் பளிச்சென்று ஆகிவிட்டது. இவ்வாண்டுப் பொங்கலை அதில்தான் வைத்தோம்.