பட்டியலில் யாரும் இல்லை

ஜூன் 9, திங்கள்

காரவள்ளி தாண்டியதும் சிக்னல் போயிற்று. 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே வயிறு புரட்டல். எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. செம்மேட்டில் இறங்கினால் எங்கும் பலாப்பழ வாசம். அதுவும் புரட்டியது.

துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் சிஸ்டர், கர்ப்பிணிகளைப் பார்ப்பதற்கான எங்கள் செயலியைத் திறந்து காட்டினார். 'இன்று பார்க்க வேண்டியவர்கள்.' கீழே வெள்ளை. நட்டநடுவில் சாம்பல் நிறத்தில் 'தரவு இல்லை'.

"காலைல இருந்து இப்படித்தான் வருது கண்ணு. இன்னைக்கு யாருமில்லையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். அப்புறந்தான் நோட்டைப் பாத்தேன்."

பையிலிருந்து நீள நோட்டு. இன்றைய தேதியில் மூன்று பேர். ஒருத்திக்கு எட்டாம் மாதம், ஹீமோகுளோபின் 6.8. ஏழுக்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை. அவளைத்தான் செயலி இல்லை என்கிறது.

நோட்டு இருந்தது. நோட்டு எழுதாத சிஸ்டர்?

இரவு சாப்பிடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கடைவாய்ப் பல் விண்விண் என்கிறது. கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

செயலியின் கோடைத் திறந்து பார்த்தாயிற்று. பட்டியல் காலியாக நான்கு காரணங்கள். பட்டியல் சர்வரிலிருந்து வரவே இல்லை. வந்தது, ஆனால் இன்று பார்க்க ஆள் இல்லை. ஆள் இருக்கிறார்கள், ஃபில்டர் மறைத்துவிட்டது. சிஸ்டருக்கு இன்னும் ஊரே ஒதுக்கவில்லை. நான்குக்கும் ஒரே கேள்வி: எண்ணிக்கை பூஜ்யமா? ஆமென்றால் 'தரவு இல்லை'.

முன்பு எழுதியவர் வேலையைவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. டிசைன் கோப்பில் எல்லாத் திரையிலும் பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டு சிரித்த முகங்கள். காலியான பட்டியல் ஒன்றுகூட வரையப்படவில்லை. அவருக்கு யாரும் காட்டவில்லை.

ஆண்ட்ராய்டில் பட்டியல் காட்டும் பழைய லிஸ்ட்வியூவில் செட்எம்ப்டிவியூ என்று ஒன்று உண்டு. காலியானால் எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். 2014-இல் ரிசைக்ளர்வியூ வந்தது, அந்த வசதி கூடவே வரவில்லை. அடாப்டரைக் கவனித்துக்கொண்டு நாமே எழுத வேண்டும். அதனாலேயே எத்தனை செயலிகளில் வெறும் வெள்ளை.

அக்கா அழைத்தாள். எடுக்கவில்லை. பல்.

ஜூன் 12, வியாழன்

மீட்டிங். முகப்புத் திரையின் பச்சை பற்றி அரை மணி நேரம். கடைசி ஐந்து நிமிடம் எனக்கு. மேலாளர்: "ஆளே இல்லாத ஸ்க்ரீனுக்கு இவ்வளவு வேலையா?" காது சூடாகிவிட்டது.

37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் கம்பெனிக்காரர்கள் 2006-இல் 'கெட்டிங் ரியல்' புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு திரைக்கும் வழக்கமான நிலை, காலி நிலை, பிழை நிலை மூன்றையும் யோசி என்று. வெற்றுத் திரைக்கென்றே தனி அத்தியாயம். செயலியைப் புதிதாகப் போட்டவர் முதலில் பார்ப்பது அந்தப் பன்னிரண்டு முகங்களை இல்லை. வெற்றிடத்தைத்தான். சொன்னேன். குரல் நடுங்கியது. ஆபீசில் குரல் நடுங்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஐஓஎஸ் 17-இல், 2023-இல், ஆப்பிள் இதற்கென்று ஓர் உறுப்பையே கொடுத்துவிட்டது. தேடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் காட்டத் தனி வடிவம்கூட அதில் உண்டு. நம் சிஸ்டர்கள் கையில் எல்லாம் ஆண்ட்ராய்டு, அதுவும் பழையது.

"சரி, செய். மத்த வேலை நிக்கக் கூடாது" என்றார். இதுவே பெரிசு. சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்ததும் அதுவும் போய்விட்டது.

ஜூன் 13, வெள்ளி

நாள் முழுக்க வாக்கியங்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

'பட்டியல் இன்னும் இந்த போனுக்கு வரவில்லை. கடைசியாக வந்தது ஜூன் 7, மாலை 4.10. சிக்னல் உள்ள இடத்தில் மீண்டும் எடுங்கள்.' கீழே ஒரே ஒரு பட்டன்.

உண்மையாகவே யாரும் இல்லை என்றால்: 'இன்று பார்க்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. அடுத்து, திங்கள் 16: 3 பேர்.' இதற்குப் பட்டன் வேண்டாம். செய்ய ஒன்றும் இல்லாதபோது பட்டன் வைத்தால் எதையோ விட்டுவிட்டோமோ என்று கை பரபரக்கும்.

ஊர் ஒதுக்கவில்லை என்றால் சிஸ்டர் என்ன செய்ய முடியும்? யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். அந்த வாக்கியம் இன்னும் சரியாக வரவில்லை. ஏழு வார்த்தை. பிறகு பதினைந்து. மறுபடி ஏழு.

பல் கொஞ்சம் தேவலை. டாக்டரிடம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

டிசைனர் தம்பி படம் கொண்டுவந்தான். காலிப் பட்டியலுக்கு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வரைந்திருக்கிறான், கண் சிவந்திருந்தது.

தொட்டில். சேலைத் தூளி இல்லை, மரத்தொட்டில். உள்ளே யாரும் இல்லை. ஆடுகிறது. மெதுவாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.

அழகாகத்தான் இருந்தது. பார்க்க முடியவில்லை. சின்ன வயதில் காலித் தொட்டிலை ஒரு தட்டுத் தட்டினாலே அம்மா கத்துவாள். கர்ப்பிணிகளின் பட்டியல் அது. சிஸ்டர் போனை நீட்டிக் காட்டும்போது எதிரே அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

"வேணாம்டா" என்றேன். "ஏன்?" என்றான். சொல்ல வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அக்கா வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது. பழைய சேலை சுற்றி.

ஜூன் 17, செவ்வாய்

தம்பியிடம் சொன்னேன். அவனுடைய பாட்டியும் அப்படித்தான் திட்டுவாராம். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டான். வேறு படம் வேண்டுமா என்றான். படமே வேண்டாம், எழுத்தைப் பெரிதாக்கு என்றேன். முகம் வாடியது. பாவமாக இருந்தது, ஆனாலும் வேண்டாம்.

மாலையில் ஒரு மர்மம் தெளிந்தது. திரையைத் திறந்ததும் அரை நொடி 'யாரும் இல்லை' வந்து மறைகிறது. பிறகு பெயர்கள். டேட்டாபேஸ் பதில் சொல்வதற்கு முன்பே தொடக்க மதிப்பு என்று வெறும் பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் பார்க்காமலே இல்லை என்று சொல்கிற பழக்கம். வேகமான போனில் கண்ணுக்கே தெரியாது. சிஸ்டரின் போனில் மூன்று நொடி. மூன்று நொடியில் போனை மூடிப் பைக்குள் போட்டுவிடலாம்.

'ஏற்றுகிறோம்' என்பதைத் தனி நிலையாக்கினேன். அப்போது சாம்பல் கோடுகள் மட்டும், பெயர் வரும் இடத்தில். 2013-இல் வடிவமைப்பாளர் லூக் ரப்ளெவ்ஸ்கி பேர் வைத்த எலும்புக்கூட்டுத் திரை. இல்லை என்ற பேச்சு பதில் வந்த பிறகுதான்.

கழுத்து பிடித்துக்கொண்டது. நல்ல நாள்.

ஜூன் 18, புதன்

எரிச்சல். காலையிலிருந்து.

காலிச் செய்தியை இழுத்துப் புதுப்பிக்கும் பகுதிக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். பட்டியலில் ஆள் இருந்தால் இழுக்கலாம். ஆள் இல்லாதபோதுதான் இழுத்துப் பார்க்கத் தோன்றும், அப்போது அசையாது. விரல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

தேடலில் ஆங்கில எழுத்தில் செல்வி என்று தட்டினால் ஒன்றும் இல்லை. பட்டியலில் தமிழில் இருக்கிறாள். இப்போது: நீங்கள் தேடிய சொல் இது, இந்தப் பெயரில் யாரும் இல்லை, தமிழில் தட்டிப் பாருங்கள், ஃபில்டர் 'ஏழாம் மாதம்' போட்டிருக்கிறது, நீக்கவா? தேடிய சொல்லைத் திரும்பக் காட்டினால்தான் எழுத்துப் பிழை கண்ணில் படும்.

எல்லாம் எழுதி ஓட்டினால் செய்தியே தெரியவில்லை. கீபோர்டு மூடிவிட்டது. திரைக்கு நடுவில் வைத்ததன் வினை. மேலே ஏற்றினேன்.

பல் மறுபடியும்.

ஜூன் 20, வெள்ளி

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 14-இல் 200 சதவீதம் வரை போகும். தமிழில் மூன்று வரி ஏழு வரியாகி, 'மீண்டும் எடு' பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. உருட்டவும் முடியவில்லை. சிஸ்டர்களில் பாதிப் பேர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படிக்கிறவர்கள்.

திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பட்டியல் காலியானது. அமைதி. ஒரு சத்தம் இல்லை. மாற்றத்தை அறிவிக்கச் சொல்லி அதற்குத் தனியாக எழுத வேண்டும். எழுதினேன். இப்போது குரல் வருகிறது: இன்று பார்க்க வேண்டியவர்கள் யாரும் இல்லை, அடுத்து திங்கள். அந்த இயந்திரக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஏனோ.

ஜூன் 21, சனி

வேர் சிகிச்சை. அக்கா கூட வந்தாள். ஊசி போட்ட பாதி முகம் என்னுடையதாக இல்லை. அவள்தான் பேசினாள், வழி முழுக்க. வெயில், தண்ணீர் லாரி, மாமா. நான் ம் என்றேன். அதுவே வசதியாக இருந்தது இருவருக்கும்.

ஜூன் 23, திங்கள்

மேலாளர் உற்சாகமாக இருக்கிறார். காலி நிலை அவருக்கும் பிடித்துவிட்டது. அன்றைய பட்டியல் முடிந்ததும் கலர் காகிதம் பறக்க வேண்டுமாம். 'அருமை! எல்லாம் முடிந்தது!'

யோசித்தேன். முதலில் நல்லதாகவே பட்டது. நாள் முழுக்க நடந்தவருக்கு ஒரு சந்தோஷம்.

பிறகு சோதனைக்காகப் பதிவு செய்து பார்த்தேன். கடைசிப் பெயர். நிலை என்ற இடத்தில் இறங்குபட்டியல். பிரசவம், இடமாற்றம், கருச்சிதைவு, இறந்து பிறந்தது. நான்காவதைத் தேர்ந்தெடுத்தேன். சேமி. பெயர் மறைந்தது. பட்டியல் காலி. கலர் காகிதம்.

உடனே எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கை சில்லென்றிருந்தது.

'அருமை' வேண்டாம். 'இன்று பார்த்தவர்கள்: 6.' அது போதும்.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவை நானே அழைத்தேன். இதைச் சொல்ல நினைக்கவில்லை. சொல்லிவிட்டேன். தேர்ந்தெடுத்தால் பெயர் மறைகிறது, அப்போது என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்று.

வெகு நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பேரை ஏன் எடுக்கறே?" என்றாள். "அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு ஒருத்தரும் வரலை. பால் கட்டி, காய்ச்சல் அடிச்சுக் கிடந்தேன். அம்மாதான் முட்டைக்கோஸ் இலை வெச்சுக் கட்டினா. யாரோ வந்து ஒரு தடவை பாத்திருந்தா."

எனக்குத் தெரியாது. காய்ச்சல் தெரியாது. பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன்.

இத்தனை நாள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியல் அன்றைக்குக் காலியாகவே கூடாது. குழந்தை இல்லை என்றாலும் அவள் இருக்கிறாள். அவளைப் பார்க்கத் தேதி இருக்க வேண்டும், பிரசவமானவளுக்கு இருப்பதுபோல.

இரவு ஒரு மணிவரை எழுதினேன். நிலை மாறினால் பெயர் போகாது, அடுத்த தேதி கேட்கும். தேதி போடாமல் சேமிக்க முடியாது.

ஜூன் 25, புதன்

மறுபடி மலை. இந்தத் தடவை ஜன்னலோரம். புரட்டல் குறைவு.

புதுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். வேண்டுமென்றே பட்டியலை எடுக்காமல். சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். "இன்னும் இந்த போனுக்கு வரவில்லை. ஓ, அப்ப வந்தாத்தான் தெரியும்." எழுந்தார். தண்ணீர் டாங்கிப் பக்கம் நடந்தார், அங்கேதான் ஒரு கோடு சிக்னல். பட்டனை அழுத்தினார். நான்கு பெயர்கள்.

நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஒரு வார்த்தைகூட. தொண்டை அடைத்தது.

தேதி கேட்பதையும் காட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. "நான் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன் கண்ணு. நோட்டுல தனியா வெச்சிருக்கேன்." கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர்கள். செயலியில் ஒன்றுகூட இல்லை.

ஒரு குறை சொன்னார். புதிதாக வாழ வந்த பெண் ஒருத்தி, பெயர் சேர்க்க வேண்டும். பட்டியலில் ஆள் இருந்தால் மூலையில் கூட்டல் குறி இருக்கிறது, காலியானால் அதுவும் காணோம். முதல் பெயரைச் சேர்க்க வழியே இல்லை. எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று என்று தெரியவில்லை, எல்லாச் சோதனையிலும் நான் ஆள் இருக்கும் பட்டியலைக் காலியாக்கித்தான் பார்த்தேன்.

பலாச்சுளை கொடுத்தார். தின்றேன். பல் ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 26, வியாழன்

கூட்டல் குறி சரியாகிவிட்டது. 'முதல் பெயரைச் சேர்க்க' என்று செய்திக்குக் கீழேயே பட்டன்.

மேலாளர் கலர் காகிதம் எங்கே என்றார். சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வேண்டாம் என்றார்.

தேதி கேட்பதற்கு மட்டும் மேலிடத்தில் அனுமதி வேண்டுமாம், படிவம் மாறுகிறதாம். எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை. சிஸ்டரின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து வந்திருக்கலாம். இல்லை, பெயர்கள் இருக்கின்றன, கூடாது. வாயால் சொல்கிறேன். திங்கட்கிழமை நேரில் போகிறேன். அக்கா கூட வருகிறேன் என்கிறாள்.

தடுப்பூசிப் பட்டியல், மாத்திரை இருப்பு, 108-க்கு அனுப்பியவர்கள். மூன்றையும் இன்னும் திறக்கவில்லை.