விற்கத் தெரிந்த கடிதம்



நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் கடிதம் எழுதித் தருவது வாத்தியார் வேலையாக இருந்தது. ஊரிலுள்ள அண்ணனுக்குப் பணம் அனுப்பிய செய்தி, மகளின் சடங்குக்கு அழைப்பு, கிராணிக்கு ஒரு விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் மாலையில் வாத்தியார் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அந்த வேலை இன்றும் எங்களை விட்டுப் போகவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது. "டீச்சர், கம்பெனிகளுக்கு ஒரு ஈமெயில் எழுதிக் கொடுங்க, தீபாவளிப் பலகாரத்துக்கு ஆர்டர் கேக்கணும்" என்று தாய்மார்கள் இப்போது கைப்பேசியோடு வருகிறார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஜாசினிலும் அலோர்காஜாவிலும் மெர்லிமாவிலும் எத்தனையோ குடும்பங்கள் இன்று முறுக்கையும் தையலையும் பூமாலையையும் நம்பி நிற்கின்றன. பால்வெட்டுக்குப் போன காலத்தில் சம்பள நாள் என்று ஒன்று இருந்தது. சொந்தத் தொழிலில் வாடிக்கையாளர்தான் சம்பளம். அவருக்குப் போகும் கடிதம் சரியாக இருந்தால் அடுப்பு எரியும். தவறாகப் போனால் போட்ட முதலும் கரையும்.

ஜாசின் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். கணவர் இல்லை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு. அவர் சுடும் முறுக்குக்கு மலாக்கா பட்டணத்திலேயே நல்ல பெயர். ஒருநாள் ஒருவர் வந்து, "2,000 கம்பெனிகளின் மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருக்கிறது; 300 வெள்ளி கொடுங்கள்" என்றார். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணம் கைமாறியது. ஒரே கடிதம், 2,000 முகவரி, ஐந்தாறு நாட்களில் அனுப்பியாயிற்று. நாலைந்து பேர் திட்டி எழுதினார்கள். பலகாரம் வாங்க ஒருவரும் எழுதவில்லை. அதைவிடப் பெரிய நட்டம் பிறகுதான் தெரிந்தது. வருடந்தோறும் வாங்கும் ஓர் அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய விலைப்பட்டியல்கூட வேண்டாக் கடிதங்களின் பெட்டிக்குள் போய் விழுந்து கிடந்தது.

ஏன் அப்படி ஆயிற்று? அஞ்சல் கொண்டு செல்லும் நிறுவனங்கள் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. ஆளில்லாத முகவரிக்கு எத்தனை கடிதம் அனுப்புகிறோம், பெற்றவர்களில் எத்தனை பேர் "இது குப்பை" என்று அழுத்துகிறார்கள் என்று கணக்கு வைக்கின்றன. கூகள் நிறுவனம் அந்தப் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்கிறது. நம் வகுப்புக் கணக்கில் சொன்னால், 1,000 பேரில் 3 பேர். அந்த எல்லையைத் தொட்டால் நல்ல கடிதமும் கெட்ட பெட்டிக்குப் போகக்கூடும். 2024 பிப்ரவரி முதல், நாளுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோர் தம் முகவரியின் உண்மையை நிரூபிக்க வேண்டும். விளம்பரக் கடிதத்தில் ஒரே அழுத்தலில் விலகிக்கொள்ளவும் வழி வைக்க வேண்டும். நாம் அவ்வளவு அனுப்பப்போவதில்லை. ஆனாலும் நல்ல பெயர் என்பது மின்னஞ்சலிலும் நல்ல பெயர்தான்.

அழையாத வீட்டுக்குள் நுழையும் இந்தப் பழக்கம் புதிதன்று. 1978 மே மாதம், கேரி துர்க் என்ற அமெரிக்கர், டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்துக்காக ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை மின்வலை வழியே அனுப்பினார். கண்டனம் பறந்தது. ஆனால் அதனால் நிறைய விற்பனையும் நடந்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். கணினி வைத்திருந்தவர்களுக்கே கணினிச் செய்தி போனது. அப்படிப்பட்ட கடிதம் அன்று அவர்களுக்குப் புதுமை. இன்றோ ஒவ்வொருவர் பெட்டியிலும் நாள்தோறும் குவியல் குவியலாக விளம்பரம். அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

என் சிறு வயதில் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வரும் துணி வியாபாரியை நினைத்துப் பாருங்கள். அவர் படித்தது கொஞ்சம்தான். ஆனால் சட்டைப்பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். எந்த வீட்டில் பெண் வயதுக்கு வந்திருக்கிறாள், எந்த வீட்டில் பாக்கி நிற்கிறது, எந்த அம்மாளுக்குப் பச்சைக் கரை பிடிக்கும், எல்லாம் அதில் இருக்கும். சம்பள நாள் மாலையில் வருவார். சாவு விழுந்த வீட்டுப் பக்கம் போக மாட்டார். "இப்ப வேணாம் ஐயா" என்றால் சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போவார். இன்றைய நிபுணர்கள் பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருவது இவ்வளவுதான்: ஆளை அறி, நேரம் அறி, வேண்டாம் என்றால் விலகு.

அந்தத் தாயிடம் ரசீதுப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். முன்பு வாங்கியவர்களைப் பொறுக்கினோம். 60 பேர்கூடத் தேறவில்லை. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, கடிதம் அனுப்பலாமா என்று கேட்டார். குப்பைப் பெட்டியில் கிடக்கும் கடிதத்தை எடுத்து, "இது குப்பையன்று" என்று குறிக்கும்படியும் வேண்டினார். பிறகு அவர்களை மூன்று கூறாகப் பிரித்தோம்: அலுவலகங்கள், கடைகள், குடும்பங்கள். அலுவலகத்தில் செலவுக்கு மேலாளர் ஒப்புதல் வேண்டும். ஆகவே தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்பே எழுதினோம். குடும்பங்களுக்குச் சம்பளம் போட்ட மறுநாள். மலாயில் பேசுபவருக்கு மலாயில், தமிழருக்குத் தமிழில்.

கடிதத்தின் தலைப்பு வரியில் "மாபெரும் சலுகை! உடனே பாருங்கள்!" என்று கூவவில்லை. "தீபாவளி முறுக்கு: இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்" என்று எழுதினோம். உள்ளே இவ்வளவுதான்:

"வணக்கம் ஐயா. சென்ற தீபாவளிக்கு எங்களிடம் 10 டப்பா முறுக்கு வாங்கினீர்கள். இவ்வாண்டும் சுடுகிறோம். டப்பா விலை 18 வெள்ளி. ஆயர் கெரோ வரை கொண்டுவந்து தருகிறோம். எத்தனை வேண்டும் என்று இதற்கே பதில் எழுதினால் போதும். இனி இத்தகைய கடிதம் வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று ஒரு சொல் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறோம்."

ஒரு கடிதம், ஒரு கோரிக்கை. பத்துப் படங்களை அடுக்கவில்லை. ஒரே ஒரு படம். அந்தத் தீபாவளிக்கு அவருக்கு இழந்த 300 வெள்ளி திரும்பியதோடு, அண்டை வீட்டுப் பெண்கள் இருவருக்குக் கூலி கொடுக்கவும் முடிந்தது.

இன்னும் சில குறிப்புகள். பலருக்கு ஒரே கடிதத்தை அனுப்பும்போது எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பாதீர்கள். முகவரிகளை மறைநகல் பகுதியில் போடுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்று காட்டும் எண்ணை நம்பி மகிழாதீர்கள். 2021 முதல் ஆப்பிள் கைப்பேசிகளின் அஞ்சல் செயலி, ஆள் படிக்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கி வைக்கிறது. அதுவும் திறந்த கணக்கில் சேர்ந்துவிடும். வந்த ஆர்டரை எண்ணுங்கள். எந்தத் தலைப்பு நல்லது என்ற ஐயம் இருந்தால், பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் அனுப்பிப் பாருங்கள். ஆனால் 20, 30 பேரை வைத்து அவசர முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு நம்புங்கள்.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. தம் விவரத்தை வைத்துத் தமக்கு விளம்பரம் அனுப்பக்கூடாது என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமையை அதன் 43-ஆம் பிரிவு தருகிறது. முகவரிப் பட்டியலை விற்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "இவர்கள் எல்லாரும் சம்மதித்தார்களா?" பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாறிய ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்திலும் அலுவலகம் நடத்துகிறது. கல்லூரிக்குப் போகாத இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வேலை தருகிறது. வணிகர்கள் மின்னஞ்சல் விளம்பரம் அனுப்ப உதவும் செயலியும் அதன் தயாரிப்புகளுள் ஒன்று. கிராமத்துப் பிள்ளைகளின் கை படும் இந்தத் துறை, நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டாமல் போகுமா?

தாய்மார்களே, உங்கள் வீட்டில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போடச் சொல்லுங்கள். பெயர், முகவரி, எப்போது வாங்கினார், எவ்வளவு வாங்கினார், கடிதம் அனுப்பச் சம்மதித்தாரா: ஐந்து கட்டம் போதும். பத்துப் பெயர்தான் இருக்கிறதென்றாலும் கவலையில்லை. உங்களைத் தெரிந்த அந்தப் பத்துப் பேர், விலைக்கு வாங்கும் இரண்டாயிரம் பேரைவிடப் பெரிய முதல்.