ஒரே பேர் எழுதிய சீட்டுகள்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் நான்கு தடவை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. நட்பைப் பற்றி எழுத ஆளுக்கு ஆள் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரும், அது காலையில் எழுந்ததும் காட்டிய ஒரு வரியும்தான். அதை எழுதுகிறேன். போரடித்தால் அடுத்த பக்கத்தில் கடி ஜோக் இருக்கும், போய்விட்டு வாருங்கள்!

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், ரேஷன் கார்டு திருத்தம் முதல் கரண்ட் பில் வரை, என்னிடம்தான் வரும். தப்பாகப் படித்தாலும் கேள்வி கேட்க ஆள் கிடையாது! இது ஒரு சுகம் போலத் தெரியும். உண்மையில் பெரிய பயம்.

அம்மா தெருவில் ஒரு குலுக்கல் சீட்டு நடத்துகிறாள். இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய். இன்னும் சீட்டு விழாதவர்கள் பெயரைத் துண்டுத் தாளில் எழுதிச் சுருட்டி, பித்தளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இந்தச் சீட்டை முன்னால் நடத்தியது வேறொருவர். நான் ஏழாவது படிக்கும்போது, மூன்று மாதம் தொடர்ந்து அவருக்கு வேண்டியவர்களுக்கே விழுந்தது. நாலாவது மாதம் அம்மா எழுந்து போய்ச் சொம்பைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். பிரித்துப் பார்த்தால் எல்லாத் தாளிலும் ஒரே பேர்! அன்றிலிருந்து சீட்டு அம்மா கைக்கு வந்தது. எடுத்த பிறகு சொம்பில் மிச்சமிருக்கும் தாள்களையும் பிரித்து எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இந்தக் கதை எதற்கு என்று பின்னால் தெரியும்.

இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. அந்தப் பணத்தில் அடகுக் கடையில் இருக்கும் கம்மலை மீட்பதாகத்தான் பேச்சு. நான் கம்ப்யூட்டர் லேப் முடிந்த பிறகும் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். "கம்மல் எங்கயும் ஓடிராது. வட்டிதான் கொஞ்சம் கூடும்" என்று சொல்லி 16,500 ரூபாயை எண்ணி அப்பாவிடம் கொடுத்தாள். மூடிப்போன ஒரு கேம்ஸ் சென்டரின் பெட்டி, மானிட்டரோடு சேர்த்து அந்த விலைக்குக் கிடைத்தது. விண்டோஸ் இல்லை. பரவாயில்லை, நம் லேபில் ஓடுவது லினக்ஸ்தானே என்று மின்ட் போட்டேன்.

முதல் நாள் வீட்டில் எல்லாரும் சுற்றி நிற்க சுவிட்சைப் போட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி கற்பூரம் வேறு காட்டினாள். கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரு வரி: "ஆர்டிராண்ட் ஈஸ் நாட் ரிலையபிள் ஆன் திஸ் பிளாட்ஃபார்ம், டிஸேபிளிங்." பிறகு மின்ட் வந்தது, எல்லாம் வேலை செய்தது. ஆனால் அந்த வரியை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"என்னட்டி எழுதிட்டு ஓடுது?"

படித்தவள் நான்தானே! "ஏதோ நம்ப முடியாதுன்னு சொல்லுதும்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. "பழசத் தலையில கட்டிட்டாம்போல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த பத்து நாள் நான் செய்ததை நீங்களும் செய்திருப்பீர்கள். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியை மாற்றினேன். மின்ட்டை அழித்து இரண்டு தடவை மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே வரி. விற்றவருக்கு போன் செய்தால், "லினக்ஸத் தூக்கிட்டு விண்டோஸ் போடும்மா, அந்த லைன் வராது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த லைன் வராதுதான். சாரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "வண்டியில ஆயில் லைட் எரிஞ்சா பல்பைக் கழட்டிரலாமா? வரியை அப்படியே எழுதிட்டு வா, ஒவ்வொரு வார்த்தையா பாப்போம்" என்றார். பத்து நாளில் நான் செய்யாத ஒரே வேலை அதுதான்!

கம்ப்யூட்டருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்கள் நிறைய வேண்டும். பேங்க் பக்கத்தைத் திறக்கும்போதும், வைஃபையில் சேரும்போதும், ஒரு ரகசியச் சாவி தயாராகிறது. அது ஊகிக்க முடியாத எண்ணாக இருந்தால்தான் பூட்டு, பூட்டாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரோ சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஜென்மம். தாறுமாறாக ஒரு எண் சொல் என்றால் திணறும். அதற்காகப் பிராசசருக்குள்ளேயே வெப்பத்தால் ஏற்படும் மின் இரைச்சலிலிருந்து எண் எடுத்துத் தரும் ஒரு கட்டளையை வைத்தார்கள். 2012-ல் இன்டெல்லின் ஐவி பிரிட்ஜ் பிராசசர்களோடு வந்தது. அதன் பெயர்தான் ஆர்டிராண்ட். பிறகு ஏ.எம்.டி. பிராசசர்களிலும் வந்தது.

லினக்ஸ் கெர்னல் கிளம்பும்போது அதை ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கிறது. எட்டு தடவை எண் கேட்கும். முந்தின எண்ணிலிருந்து ஐந்து தடவையாவது மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால், "இது நம்பகமில்லை, நிறுத்துகிறேன்" என்று திரையில் எழுதிவிட்டு அதைப் பயன்படுத்தாமல் மேலே போகும். செய்திகளிலேயே மிக அவசரமான வகையில் சேர்த்திருப்பதால், கிளம்பும்போது எதையும் காட்டாதே என்று செட்டிங் வைத்திருந்தாலும் இது வந்து நிற்கும்.

"கெர்னல் சொல்றத நீ நம்பணும்னு இல்ல. உனக்குத்தான் சி தெரியுமே, நீயே கேட்டுப் பாரு" என்றார் சார். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். கெர்னல் தன் அளவில் ஒதுக்கி வைத்தாலும், நம் புரோகிராம் நேராகப் பிராசசரிடம் அந்தக் கட்டளையைக் கொடுக்க முடியும். பத்து தடவை எண் கேள், ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சிடு.

4294967295. 4294967295. 4294967295. பத்து வரியும் இதுதான்! இரண்டின் 32-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதாவது 32 பிட்டும் 1. இதைவிட மோசம், எண் சரியாகக் கிடைத்ததா என்று சொல்ல ஒரு கொடி உண்டு. அது ஒவ்வொரு தடவையும் "கிடைத்தது, வெற்றி" என்றே சொன்னது. வேலை செய்யாத இயந்திரம் செய்யவில்லை என்று சொன்னால் கோபம் வராது. இது செய்ததாகச் சொல்லி ஏமாற்றுகிறது.

ராத்திரி அம்மா பீடித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த எண்களைக் காட்டி, "இது சீட்டு எடுக்குற மாதிரிம்மா. ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வரணும்" என்றுதான் ஆரம்பித்தேன். அம்மாவின் கத்தரிக்கோல் நின்றது.

"எல்லாத் தாள்லயும் ஒரே பேரா?"

"ஆமாம்மா."

"அந்த வெள்ளை எழுத்து... அது சொம்பைக் கொட்டிப் பாத்துச் சொல்லுதா?"

"ஆமா."

"அப்ப அது நல்ல பெட்டிதானட்டி! திருட்டச் சொல்லிக் கொடுக்குதுல்ல?" என்று மறுபடி இலை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஆன பத்து நாள் அவளுக்கு ஆகவில்லை.

அவள் சொன்னது சரிதான். லினக்ஸ் ஒரே சொம்பை நம்பி இருப்பதில்லை. டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எப்போது எப்போது கூப்பிடுகின்றன என்ற நேர வித்தியாசங்களைச் சேர்க்கிறது. போன தடவை அணைத்தபோது எழுதிவைத்த ஒரு விதையைச் சேர்க்கிறது. 2019-ல் வந்த 5.4 கெர்னலிலிருந்து, ஒன்றும் போதாதபோது பிராசசரின் நேரத் தடுமாற்றத்திலிருந்தே எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. இதில் ஒன்று கெட்டுப்போனால் மற்றவை கெடாது. ஆனால் கெர்னலைக் கேட்காமல் நேராக ஆர்டிராண்டிடம் போகும் புரோகிராம்கள் மாட்டிக்கொள்ளும். 2019 ஜூலையில் ஏ.எம்.டி. ரைசன் 3000 வரிசை விற்பனைக்கு வந்தபோது இதே முழு ஒன்றுகள் வந்து, சிஸ்டம்டி என்ற தொடக்கப் புரோகிராம் தடுக்கி, புதிய லினக்ஸ்கள் பல கிளம்பவே இல்லை. அதைப் பயாஸ் திருத்தம் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

ஒரே எண் வந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று நம் வகுப்பில் ஒருவர் கேட்டார். டெபியன் லினக்ஸில் 2006-ல் ஓப்பன் எஸ்எஸ்எல் பகுதியிலிருந்து தேவையில்லை என்று நினைத்துச் சில வரிகளை எடுத்துவிட்டார்கள். விளைவு, ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32,768 சாத்தியங்கள்தான் மிஞ்சின. 2008-ல் கண்டுபிடிக்கும்வரை இரண்டு வருடமாக அந்தச் சாவிகளை வைத்துத்தான் உலகம் பூட்டிக்கொண்டிருந்தது. எந்தத் திரையிலும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வெள்ளை எழுத்தின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி, எங்கள் பெட்டிக்கு வருவோம். பயாஸ் தேதியைப் பார்த்தால் வாங்கிய நாளிலிருந்து யாரும் புதுப்பிக்கவே இல்லை. "புதுசு போட்டா சரியாகும். ஆனா போடும்போது கரண்ட் போச்சுன்னா போர்டு போச்சு" என்றார் சார். இதை வீட்டில் சொன்னதும் அப்பா முதல்முறையாக விஷயத்துக்குள் வந்தார். கரண்ட் என்பது அவர் சப்ஜெக்ட்! பாதியில் கரண்ட் போனால் துணியில் விழும் கோட்டை அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். "வீட்ல வேண்டாம். இங்க எப்ப போகும்னு அந்த லைன்மேனுக்கே தெரியாது" என்றார்.

நம் லேபில் யுபிஎஸ் இருக்கிறது. சனிக்கிழமை வரச் சொன்னார் சார். பெட்டியை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல் ஒவ்வொரு வேகத்தடையிலும் அப்பா வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். நம் காலேஜுக்குள் அப்பா வந்தது அட்மிஷனுக்குப் பிறகு அன்றுதான்.

போர்டின் மாடல் எண்ணை மூன்று பேர் மாற்றி மாற்றி வாசித்துச் சரிபார்த்தோம். ஒரு எழுத்து மாறினாலும் வேறு போர்டின் பயாஸ் ஏறிவிடும். பென் டிரைவில் போட்டுச் செருகி, பயாஸுக்குள் போய் என்டர் தட்டினேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. அப்பா பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்தப் பக்கம் வந்த ஒரு பையனை, "தம்பி, அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்றார். கரண்ட் போகவில்லை. போயிருந்தால் கட்டுரை நன்றாக இருந்திருக்கும் என்று என் தோழி சொல்கிறாள். சொல்வாள், பெட்டி அவளுடையதா?

கோடு முடிந்தது. பெட்டி தானாக அணைந்து, எழுந்தது. திரையில் ஒன்றும் இல்லை. கறுப்பு. பத்து விநாடி. இருபது. ஃபேன் மட்டும் ஓடுகிறது. எனக்கு அடகுக் கடைக் கம்மல் கண் முன்னால் வந்தது. அப்பா என்னைப் பார்க்கிறார், நான் சாரைப் பார்க்கிறேன், சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். "முதல் தடவை ராமை அளந்து பாக்கும், நேரம் ஆகும்" என்று அவர் சொன்னார். குரலில் அவ்வளவு தைரியம் இல்லை. முக்கால் நிமிடம் கழித்து லோகோ வந்தது. பிறகு மின்ட். இடையில் எந்த வெள்ளை வரியும் இல்லை.

அப்பா, "அவ்வளவுதானா? ஒண்ணுமே வரலியே" என்றார்.

"ஒண்ணும் வராததுதாம்ப்பா சரி."

என் புரோகிராமை ஓட்டினேன். பத்து வரி. பத்தும் வேறு வேறு. லேப் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துக்கொள்ளச் சார் விட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் தாளை வாங்கி, எழுத்துதான் கூட்டிப் படிப்பாளே தவிர எண் நன்றாகத் தெரியும், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பத்தையும் பார்த்துவிட்டு, "இன்னும் ஒருக்கா எடு" என்றாள். மறுபடி ஓட்டினேன். அதையும் பார்த்தாள்.

அடுத்த மாதக் குலுக்கலில் தெரு அக்காமார்கள், "அதான் ஒம்மக வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருக்காளே, அதுல நம்பர் போட்டு எடுக்கச் சொல்லேன்" என்றார்கள். எனக்கு ஆசைதான். இருபது பேருக்கு ஒரு புரோகிராம், அரை மணி நேர வேலை.

"அதெல்லாம் வேண்டாம். உள்ள என்ன இருக்குன்னு நீங்க யாரும் பிரிச்சுப் பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அம்மா சொம்பைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டினாள். நான் தாள்களைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

— இரண்டாம் ஆண்டு மாணவி, கம்ப்யூட்டர் பிரிவு